ஏழு மணிக்கு மட்டும் வேலை செய்யாத டேப்

பெரியம்மா எங்க அம்மாகூட ரெண்டு வாரம் பேசல, காரணம் ஒரு டேப்லட். "நான் கூப்பிடுறேன், மணி அடிச்சிக்கிட்டே இருக்கு, அவ எடுக்க மாட்டேங்குறா, எம்மேல அவளுக்கு என்ன கோவம்"னு சுங்கை பட்டாணியிலேர்ந்து எனக்கு போன் போட்டு அழுதாங்க. இங்க பினாங்குல ஜெலுத்தோங் ஃப்ளாட்ல அம்மாகிட்ட கேட்டா, "நானும் தேய்க்கிறேன் தேய்க்கிறேன், அந்தப் பச்ச பட்டன் நகரவே மாட்டேங்குது, அதுக்குள்ள கட்டாயிடுது, நான் என்ன பாப்பா செய்யட்டும்"ங்கிறாங்க. ரெண்டு பேருமே 70 தாண்டினவங்க. கெடாவுல ஒரே ரப்பர் தோட்டம், தொழிலாளிங்க வரிசை வீட்டுல ஒரே லயம், அடுத்தடுத்த நிரையில பால்மரம் வெட்டினவங்க, கல்யாணம் ஆகி ஆளுக்கொரு பக்கம் போன பிறகும் அக்கா குரல அம்மா கேக்காத நாள் ரொம்பக் கம்மி. சாயங்காலம் ஏழு மணிக்கு சாமி விளக்கு ஏத்தின கையோட ஒரு வீடியோ கால், அதுக்கப்புறம்தான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். அது நின்னுபோனதுலேர்ந்து அம்மா ராத்திரி சரியா சாப்பிடுறதில்லன்னு கூட இருக்கிற தம்பி சொன்னான், சரி அந்த டேப்பை எடுத்துப் பாத்துடுவோம்னு ஞாயித்துக்கிழமை காலையில கிளம்பிப் போனேன்.

போய் எடுத்துத் தொட்டா எல்லாம் வேலை செய்யுது. மேல தள்ளினா நகருது, போட்டோ பெருசாகுது, கீபோர்டுல தமிழ் டைப் பண்ணா ஒரு எழுத்து விடாம வருது. தம்பி போன்லேர்ந்து கூப்பிடச் சொல்லி நானே பச்ச பட்டனைத் தள்ளிப் பாத்தேன், டக்குனு எடுத்துக்கிச்சு. அம்மா பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க, முகம் அப்படியே விழுந்துருச்சு. "நீ தொட்டா கேக்குது, நான் தொட்டா கேக்க மாட்டேங்குது, எனக்குத்தான் தெரியல போல, விடு பாப்பா"ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போய்ட்டாங்க. எனக்கு நெஞ்சுல குத்தின மாதிரி இருந்துச்சு. எழுதப் படிக்க அதிகம் தெரியாட்டியும் இந்த டேப்பை அவங்களே தட்டித் தட்டிக் கத்துக்கிட்டவங்க, அவங்க வாயிலேர்ந்து அந்த வார்த்தை வந்திருக்கக் கூடாது.

அன்னிக்கே டவுனுக்கு எடுத்துட்டுப் போய் ஒரு மால்ல இருக்கிற ரிப்பேர் கடையில காட்டினேன். கடைக்காரப் பையன் ஒரு நிமிஷம் தடவிப் பாத்துட்டு "ஸ்க்ரீன் ரோசாக் லா கக், கெனா துக்கார்"னு சொல்லிட்டான், அதாவது ஸ்க்ரீன் போச்சு அக்கா, மாத்தணும்னு, 380 வெள்ளியாம் (ரிங்கிட்டைத்தான் நாங்க வெள்ளின்னு சொல்வோம்). அவன் தொட்டப்பவும் டேப் நல்லாத்தான் வேலை செஞ்சுது, அப்புறம் எப்படி ஸ்க்ரீன் ரோசாக்னு கேட்டதுக்கு பதில் இல்ல. நான் மாத்தாமலேயே திரும்பிட்டேன். நான் பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரியில டெஸ்ட் டெக்னிஷியன், 1972லேர்ந்து இருக்கிற அந்த ஃப்ரீ ட்ரேட் ஸோன்ல யாராவது ஒருத்தர் வேலை பாக்காத வீடு எங்க சொந்தத்துல கிடையாது. எங்க லைன்ல முதல் நாளே சொல்லிக் குடுக்கிறது, ஒரு கோளாறு உன் கண்ணு முன்னாடி திரும்ப வராத வரைக்கும் எந்தப் பார்ட்டையும் கழட்டாதே. மாத்தின பிறகு சரியாயிட்ட மாதிரி இருக்கும், எதனால சரியாச்சுன்னு தெரியாது, மறுபடியும் வந்தா மறுபடியும் முதல்லேர்ந்து.

அதனால செவ்வாக்கிழமை ஷிஃப்ட் முடிஞ்சு நேரா அம்மா வீட்டுக்குப் போய் ஏழு மணிக்காக உக்காந்திருந்தேன். அம்மாகிட்ட "நான் இல்லாத மாதிரி நினைச்சிக்கிட்டு எப்பவும் என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க"ன்னு மட்டும் சொன்னேன். பகல் பூரா பாட்டும் பிரசங்கமும் கேட்டதால ஆறரைக்கெல்லாம் டேப்ல சார்ஜ் சிவப்புக்கு வந்துருச்சு, அம்மா எழுந்து போய் ஹால்ல இருக்கிற பிளக்ல சொருகினாங்க. குளிச்சிட்டு வந்து விளக்கு ஏத்தி, விபூதி எடுத்து நெத்தியில பூசி, சாமி கும்பிட்டுட்டு அதே கையோட வந்து சேர்ல உக்காந்தாங்க. தம்பிய விட்டு கூப்பிடச் சொன்னேன். மணி அடிச்சுது. அம்மா கட்டை விரலால பச்ச பட்டனைத் தேய்க்கிறாங்க, நகரல, இன்னும் அழுத்தித் தேய்க்கிறாங்க, நகரல, திடீர்னு அவங்க தொடாத இடத்துல ஏதோ ஒண்ணு தானா தொறந்துச்சு, கால் கட். டேப்பை வாங்கி நான் தொட்டுப் பாத்தேன், இப்ப எனக்கே ஒழுங்கா கேக்கல, ஒரு இடத்துல வெச்சா இன்னொரு இடத்துல விழுது. ஞாயித்துக்கிழமை காலையில நல்லா இருந்த அதே ஸ்க்ரீன். கோளாறு கண்ணு முன்னாடி வந்துருச்சு, சத்தியமா எனக்கு அப்ப சந்தோஷமா இருந்துச்சு.

இந்த டச் ஸ்க்ரீன் விரலை எப்படித் தெரிஞ்சிக்குதுன்னு சொல்லிட்டா மிச்சமெல்லாம் சுலபமாப் புரியும். அழுத்தம் அதுக்குத் தெரியவே தெரியாது. கண்ணாடிக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத மெல்லிசான கோடுகள் ஓடுது, இண்டியம் டின் ஆக்ஸைடுன்னு ஒரு பொருள், கரண்ட் கடத்தும், ஆனா கண்ணாடி மாதிரியே ஒளிய விடும். படுக்கையா கொஞ்சம், நிக்கையா கொஞ்சம், பாய் பின்னின மாதிரி. ஒவ்வொரு சந்திப்புலயும் கொஞ்சூண்டு மின்னேற்றம் நிக்கும். நம்ம உடம்பு ஈரமும் உப்பும் கலந்தது, அது கரண்ட் கடத்தும், அதனால விரல் கிட்ட வந்தா அந்த ஏற்றத்துல கொஞ்சத்த விரல் இழுத்துக்கும். எந்தச் சந்திப்புல குறைஞ்சிருக்குன்னு ஒரு சின்ன சிப் செகண்டுக்குப் பல தடவை அளந்துக்கிட்டே இருக்கும், குறைஞ்ச இடம்தான் நம்ம விரல் இருக்கிற இடம். அந்தக் குறைவு எவ்வளவுன்னா ஒரு பிக்கோபாரட் (மின்னேற்றத்தைப் பிடிச்சு வெக்கிற திறனை பாரட்னு அளப்பாங்க, அதுல லட்சம் கோடியில ஒரு பங்கு), சில நேரம் அதுக்கும் கீழ. அவ்வளவு சின்ன அளவு, அதனால கொஞ்சம் சத்தம் (காதுல கேக்கிறது இல்ல, கரண்ட்ல வர்ற வேண்டாத ஆட்டம்) கலந்தாலும் கணக்கு தப்பிடும்.

அந்தச் சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு பாக்க பிளக்கைப் புடுங்கினேன். உடனே என் விரலுக்கு டேப் பழையபடி கேக்க ஆரம்பிச்சிருச்சு. திரும்பச் சொருகினேன், திரும்பப் பேயாட்டம். என் பையில இருந்த பவர் பேங்க்ல அதே வயரைப் போட்டு சார்ஜ் பண்ணிப் பாத்தேன், ஒரு பிரச்சனையும் இல்ல. அப்ப வயர் நல்லா இருக்கு, டேப்போட சார்ஜிங் பக்கமும் நல்லா இருக்கு, செவுத்துல மாட்டியிருக்கிற அந்தச் சின்ன டப்பாதான் ஆளு. டேப்போட வந்த சார்ஜர் தொலைஞ்சுபோய் தம்பி பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) எட்டு வெள்ளிக்கு வாங்கிட்டு வந்தது அது. வேணும்னு செஞ்சதில்ல பாவம், சார்ஜ் ஏறுது, அது போதும்னு நினைச்சிட்டான். இந்தச் சோதனைய எல்லாரும் செஞ்சு பாக்கணும்னு கேட்டுக்கிறேன், ஸ்க்ரீன் மாத்த காசு குடுக்கிறதுக்கு முன்னாடி. சார்ஜரைக் கழட்டினா சரியாகுதா, பவர் பேங்க்ல போட்டா சரியா இருக்கா, ரெண்டே நிமிஷம்.

ஏன் இப்படி ஆகுதுன்னா, செவுத்துல வர்றது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சார்ஜர் அதை உள்ள ரொம்ப வேகமா வெட்டி வெட்டி 5 வோல்ட்டா இறக்குது. அந்த வெட்டுற சத்தம் டேப் பக்கம் கசியாம இருக்க நல்ல சார்ஜர்ல ஃபில்டர், சரியான கெப்பாசிட்டர், ட்ரான்ஸ்பார்மருக்குள்ள தடுப்புன்னு நிறைய வெச்சிருப்பாங்க, மலிவுச் சரக்குல முதல்ல கை வைக்கிற இடம் அதுதான். அப்ப டேப் முழுசுமா, அதோட கிரவுண்டும் (வோல்ட்டை எதுலேர்ந்து அளக்குதோ அந்த அடிமட்டம்) சேத்து, பூமிக்கு எதிரா ஆட ஆரம்பிச்சிடும். டேப் ஆடுறது டேப்புக்குத் தெரியாது, கப்பல்ல இருக்கிறவனுக்கு கப்பல் ஆடாத மாதிரி. ஆனா நம்ம காலு தரையில இருக்கு, நம்ம உடம்பு ஆடல, அதனால விரல் பட்ட இடத்துல மட்டும் அந்த வித்தியாசம் உள்ள பாயும், விரல் இருக்கிற அதே கோட்டுல வேற எங்கயோ இன்னொரு விரல் இருக்கிற மாதிரி சிப் ஏமாந்துடும். தொடாதப்ப அமைதியா இருக்கும், தொட்டாத்தான் பைத்தியம் பிடிக்கும், அதனாலதான் எல்லாரும் ஸ்க்ரீன் போச்சுன்னே நினைக்கிறாங்க. நம்ம மலேசியாவுல சார்ஜர் வாங்கும்போது மூணு முள்ளு பிளக்கும் சிரிம் (தரம் சோதிக்கிற அமைப்பு) லேபலும் இருக்கான்னு பாத்து வாங்குங்க. இது ஸ்க்ரீனுக்காக மட்டும் சொல்லல, உள்ள தடுப்பு சரியில்லாத சார்ஜர் கையில ஷாக்கும் அடிக்கும், வயசானவங்க படுக்கைக்குப் பக்கத்துல அதைச் சொருகி வெக்கிறத நினைச்சாலே எனக்கு பயமா இருக்கு.

சரி, சார்ஜரைத் தூக்கிப் போட்டாச்சு, என்னுடைய நல்ல சார்ஜர் ஒண்ணைக் குடுத்தாச்சு, அம்மா தொட்டுப் பாத்தாங்க. இன்னும் கேக்கல. நாலு தடவை தேய்ச்சா ஒரு தடவை நகருது. பேயாட்டம் நின்னுருச்சு, ஆனா அம்மா விரல் மட்டும் இன்னும் அதுக்குத் தெரியல.

இங்கதான் ஒரு நல்ல கருவி உள்ளயே இருக்கு, காசு கிடையாது. ஆண்ட்ராய்டு டேப்ல செட்டிங்ஸ் போய் அபௌட் டேப்லட்ல பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினா டெவலப்பர் ஆப்ஷன்ஸ்னு ஒரு மெனு தொறக்கும், அதுல பாயிண்டர் லொகேஷனை ஆன் பண்ணா விரல் போற பாதைய ஸ்க்ரீன் மேலயே கோடா வரைஞ்சு காட்டும், மேல எத்தன விரல்னு எண்ணும் வரும். ஸ்க்ரீன்ல உண்மையிலேயே செத்த இடம் இருந்தா இதுல தெரிஞ்சிடும், மூலையிலேர்ந்து மூலைக்கு மெதுவா இழுத்துக்கிட்டே வந்தா எந்தப் பட்டையில கோடு விட்டுப்போகுதோ அந்தப் பட்டைதான். என் விரலுக்கு கோடு ஒரு இடத்துலயும் விடல. அம்மாவ கட்டை விரலால இழுக்கச் சொன்னேன், வெறும் புள்ளி புள்ளியா விழுது, நடுவுல ஒண்ணுமே இல்ல. சுண்டு விரலால இழுக்கச் சொன்னேன், கோடு வந்துச்சு. அம்மா கையைப் பிடிச்சுத் திருப்பிப் பாத்தேன்.

இந்தக் கைய நான் எத்தன தடவை பாத்திருக்கேன். விடியக்காலை இருட்டுல பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் எண்ணுற வரிசை) நின்னு, நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு, உளியப் பிடிச்சு மரத்துக்கு மரம் பட்டை சீவி, பால் வடியிற மங்குக் கிண்ணத்தைத் துடைச்சு, காஞ்ச ஒட்டுப்பாலை நகத்தால உருவி, அப்புறம் காண்டா வாளியில பாலைத் தூக்கி ஸ்டோருக்கு நடந்த கை. டச் ஸ்க்ரீனை பத்திப் படிச்சப்ப ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு, விரலால தொடுற திரையை பத்தி இங்கிலாந்துல மால்வர்ன்ங்கிற ஊர்ல ராயல் ரேடார் எஸ்டாப்ளிஷ்மெண்ட்ல இருந்த ஈ. ஏ. ஜான்சன் எழுதினது 1965ல, விமானப் போக்குவரத்தைப் பாத்துக்கிறவங்களுக்காக. அந்த வருஷம் எங்க அம்மாவுக்கு 12 வயசு, பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டு பாட்டிகூட மங்கு துடைக்கப் போக ஆரம்பிச்ச வருஷம். அதுக்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல உளி பிடிச்சதுல கட்டை விரல், ஆள்காட்டி விரல் ரெண்டுலயும் தோல் காச்சுப்போய் கெட்டியா, வழுவழுன்னு ஒரு தகடு மாதிரி ஆயிருச்சு. தோலோட மேல் அடுக்கு செத்த அடுக்கு, அதுல ஈரம் இல்லன்னா கரண்ட் கடத்தாது, கண்ணாடி மாதிரி அதுவும் ஒரு தடுப்புதான். உள்ள இருக்கிற ஈரமான சதை ஸ்க்ரீன்லேர்ந்து அவ்வளவு தூரம் தள்ளிப்போயிடுது. மெத்துனு இருக்கிற விரல் கண்ணாடியில அமுங்கி அகலமா ஒட்டும், காச்ச விரல் அமுங்காது, தொடுற இடம் ஒரு புள்ளிதான். வயசாக ஆக தோல் இன்னும் காஞ்சுபோகும். அதுக்கு மேல விபூதி, சாம்பல்தானே, விரல்ல இருக்கிற மிச்ச ஈரத்தையும் உறிஞ்சிடும். அம்மா சரியா அந்த விரலால, சரியா விபூதி பூசின கையோட, சரியா சார்ஜ்ல இருக்கிற நேரத்துல பெரியம்மா கால் எடுக்கப் பாத்திருக்காங்க. எல்லாம் ஏழு மணிக்கு ஒண்ணா வந்து நிக்குது.

கேக்கலன்னா நம்ம ஆளுங்க என்ன செய்வோம், இன்னும் அழுத்துவோம். அழுத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல, அம்மா கட்டை விரல் நகம் கண்ணாடியில கீறுற அளவுக்கு அழுத்தியிருக்காங்க.

"உங்களுக்குத் தெரியலன்னு சொன்னீங்கல்லம்மா, உங்களுக்கு எல்லாம் தெரியும், இந்த மிஷினுக்குத்தான் உங்க கை தெரியல, மெத்துனு இருக்கிற விரலுக்கு ஏத்த மாதிரி அளவு வெச்சுட்டாங்க"ன்னு சொன்னேன். அம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க, ஒண்ணும் பேசல.

அப்புறம் டேப் பக்கம் என்ன செய்ய முடியும்னு பாத்தேன். மேல ஒட்டியிருந்த டெம்பர்ட் கிளாஸ் (ஸ்க்ரீனைக் காப்பாத்த ஒட்டுற கண்ணாடி) ஓரத்துல மட்டும் பசை வெச்சது, நடுவுல காத்து நிக்குது, வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா எண்ணெய்த் திட்டு மாதிரி தெரியும். இந்தக் காத்து ரொம்பக் கெடுதல், மின்னேற்றத்தைக் கடத்திவிடுற குணம் காத்துக்கு 1னு வெச்சா கண்ணாடிக்கு கிட்டத்தட்ட 7, அதனால காகிதம் அளவு காத்து கூட தடிமனான கண்ணாடி மாதிரி வேலை செய்யும். உரிச்சுப் போட்டேன், உடனே அம்மா விரலுக்கு கோடு பாதி வர ஆரம்பிச்சிருச்சு. பிறகு முழுக்க ஒட்டுற மெல்லிசான ஃபிலிம் ஒண்ணு வாங்கி ஒட்டிட்டேன், 15 வெள்ளி. டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல டச் சென்சிட்டிவிட்டின்னு ஒண்ணு சில டேப்ல இருக்கும், இதுலயும் இருந்துச்சு, ஆன் பண்ணேன், ப்ரொடெக்டர் போட்டவங்களுக்காக வெச்சது அது, காச்ச விரலுக்கும் அதேதான் மருந்து. ரப்பர் முனை வெச்ச பேனா ஒண்ணும் வாங்கினேன், அது உள்ள பேட்டரி எதுவும் இல்லாத சாதா பேனா, கையில பிடிச்சாத்தான் வேலை செய்யும், நம்ம உடம்பு வழியாத்தான் ஏற்றம் போகுது, வெறும் அகலமான மெத்துனு ஒரு விரல்னு வெச்சிக்குங்க. அம்மா வாங்கிப் பாத்துட்டு சாமி மேடையில வெச்சுட்டாங்க, "விரல் பத்து இருக்கு பாப்பா, பேனா எதுக்கு".

நான் பண்ணின வேற சில வேலையையும் சொல்லிடுறேன், உங்க வீட்டுல காரணம் வேறயா இருக்கலாம். முழுக்க அசையாம உறைஞ்சுபோன டேப்னா முதல்ல பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கிற பட்டனையும் சேத்து பத்து செகண்டுக்கு மேல பிடிச்சு ரீஸ்டார்ட் பண்ணுங்க, ஹோம் பட்டன் உள்ள ஐபேட்னா ஹோமும் மேல் பட்டனும், ஹோம் பட்டன் இல்லாததுன்னா மேல் பட்டனுக்குப் பக்கத்து வால்யூமை தட்டி, அடுத்ததைத் தட்டி, அப்புறம் மேல் பட்டனை லோகோ வர்ற வரைக்கும் பிடிக்கணும். திரும்ப ஆன் ஆகும்போது கையில பிடிக்காம மேசையில படுக்க வெச்சு விட்டுடுங்க, அந்த நேரத்துலதான் நிறைய டச் சிப் யாரும் தொடாதப்ப எவ்வளவு இருக்குன்னு அளந்து வெச்சிக்கும், ஈரமோ உள்ளங்கையோ மேல இருந்தா அளவே தப்பாப்போயிடும். ஒரு தடவை தட்டினா தொறக்காம பச்ச கட்டம் மட்டும் சுத்தி வருது, ஏதோ குரல் பேசுதுன்னா ஸ்க்ரீன் கெட்டுப்போகல, டாக்பேக்னு கண்ணு தெரியாதவங்களுக்காக ஸ்க்ரீனைப் படிச்சுச் சொல்ற வசதி ஆன் ஆகியிருக்கு, ரெண்டு வால்யூம் பட்டனையும் சேத்து மூணு செகண்ட் பிடிச்சா பெரும்பாலும் போயிடும், பக்கத்து வீட்டு ஆண்டி இதுக்காக ஒரு மாசம் டேப்பை அலமாரியில பூட்டி வெச்சிருந்தாங்க. ஸ்க்ரீன் நிஜமாவே செத்துப்போய் உள்ள போட்டோ இருக்குன்னா ஓடிஜி அடாப்டர் (டேப்போட சார்ஜ் ஓட்டையில யூஎஸ்பி சாமான் சொருக உதவுற துண்டு) வாங்கி சாதா யூஎஸ்பி மவுஸைச் சொருகுங்க, ஆண்ட்ராய்டுல அம்புக்குறி வந்துடும், அதை வெச்சு பின் நம்பர் போட்டு உள்ள போய் எல்லாத்தையும் காப்பி எடுத்துட்டு அப்புறம் கடைக்குக் குடுங்க. ஐபேட்லயும் 2020 மார்ச்ல வந்த ஐபேட்ஓஎஸ் 13.4லேர்ந்து மவுஸ் நல்லா வேலை செய்யுது. தண்ணி பட்டா அரிசியில புதைக்காதீங்க, ஆப்பிளே ஐபோனுக்கு அதைச் செய்யாதீங்கன்னு எழுதி வெச்சிருக்கு, தூள் உள்ள போயிடும், காத்தாட வெச்சா போதும்.

ஒண்ணு மட்டும் விளையாட்டா எடுத்துக்காதீங்க. டேப்பை மேசையில மல்லாக்க வெச்சு ஓரத்துல தட்டிப் பாருங்க, பம்பரம் மாதிரி ஆடுச்சுன்னா, இல்ல ஸ்க்ரீன் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு இருந்துச்சுன்னா, உள்ள பேட்டரி உப்பியிருக்கு, அதுதான் ஸ்க்ரீனைக் கீழேர்ந்து தள்ளி டச்சைக் கெடுக்குது. அழுத்தி உள்ள தள்ளாதீங்க, சார்ஜ் போடாதீங்க, ஆஃப் பண்ணிட்டு பேட்டரி மாத்துற ஆள்கிட்ட எடுத்துட்டுப் போங்க. தீப் பிடிக்கிற சாமான் அது.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் வரல, தம்பிதான் சொன்னான். அம்மா விளக்கு ஏத்தி, விபூதி பூசி, கைய ஈரத்துணியில துடைச்சிட்டு வந்து உக்காந்திருக்காங்க. மணி அடிச்சதும் வலது கைய மடியில வெச்சிக்கிட்டு இடது கை மோதிர விரலால தள்ளியிருக்காங்க. பத்து விரலையும் அந்தக் கோடு போடுற ஸ்க்ரீன்ல ஒவ்வொண்ணா ரெண்டு நாள் சோதிச்சுப் பாத்து, எது நல்லா கேக்குதுன்னு அவங்களே கண்டுபிடிச்சிருக்காங்க. ஒரே தள்ளல்ல எடுத்துக்கிச்சாம். முதல் பத்து நிமிஷம் ரெண்டு பேரும் சண்டை, அப்புறம் அழுகை, அப்புறம் அம்மா கைய கேமரா கிட்ட கொண்டுபோய் "பாருக்கா, இந்தக் காச்ச விரல்தான் காரணமாம், பாப்பா சொன்னா"ன்னு காட்டியிருக்காங்க. பெரியம்மா பதிலுக்கு அவங்க கைய காட்டினாங்களாம். "எனக்கும் அப்படித்தான்டி, இந்த போன்ல நாலு தடவை தட்டினாத்தான் ஒண்ணு விழுது, எனக்குத்தான் கண்ணு சரியில்லன்னு நினைச்சிக்கிட்டிருந்தேன்."

வர்ற ஞாயித்துக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கிட்டு பாலம் தாண்டி சுங்கை பட்டாணி போறேன். பவர் பேங்க், நல்ல சார்ஜர் ஒண்ணு, மெல்லிசு ஃபிலிம் ரெண்டு எடுத்து வெச்சிருக்கேன். சாமி மேடையில இருக்கிற பேனாவை அம்மா அவங்க பைக்குள்ள எடுத்துப் போட்டுக்கிட்டாங்க, அக்காவுக்குக் குடுக்கணுமாம்.